கெட்டி எண்ணெய்க் கெணத்துக்கு எந்த ஸ்டீம்? ஹஃப் அண்ட் பஃப்பா, ஃப்ளட்டா, சாக்டியா, அப்புறம் அதை அளக்கறதுக்கு எதை வாங்கறது

நம்ம கொங்குப் பக்கம் எண்ணெய்க் கெணறு ஒண்ணும் கெடையாதுங்க, ஆயிரம் அடி போர் போட்டாலும் பாறைத்தூள்தான் பறக்கும், தமிழ்நாட்டுல எண்ணெய்னா அது நரிமணம் மாதிரி காவிரிப் படுகைல தான். ஆனா திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா பூரா ஓடுது, பெருந்துறைலயும் கோயமுத்தூர்லயும் படிச்ச பசங்க ஓமன், குவைத், ராஜஸ்தான்னு எண்ணெய் வயல்ல வேலைக்குப் போயிட்டு இருக்காங்க. அதுல எங்க அக்கா பையன் ஒருத்தன். "மாமா, எட்டு கெணறு இருக்கு, எண்ணெய் கெட்டி, மூணு ஸ்கீம் போட்டு மேசைல வெச்சிருக்காங்க, எதுக்கு ஓகே சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டான். நான் சாயப்பட்டறை பாய்லர்ல ஆரம்பிச்சு அப்புறம் எண்ணெய் வயல்ல ஸ்டீம் பாத்தவன்ங்கறதால என்கிட்ட கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்க கொஞ்சம் விரிச்சு எழுதறேன், இந்த வேலைல இருக்கற மத்த பசங்களுக்கும் உதவட்டும்.

கணக்குக்கு ஒரு வயலை வெச்சுக்கலாம். ஆழம் 600 மீட்டர், எண்ணெய் இருக்கற மணல் அடுக்கு 12 மீட்டர் கனம், விஸ்காசிட்டி, அதாவது எண்ணெயோட கெட்டித்தன்மை, சில ஆயிரம் சென்டிபாய்ஸ் (தண்ணிக்கு 1), இருக்கறது எட்டு பழைய செங்குத்துக் கெணறு. இது கவுந்தப்பாடிப் பக்கம் கொப்பரைல இருக்கற வெல்லப்பாகு மாதிரிதானுங்க, சூடா இருக்கற வரைக்கும் ஓடும், ஆறிடுச்சுன்னா கரண்டியே நிக்கும். கனடா அத்தபாஸ்காவுல பூமிக்குள்ள இருக்கற சூட்டுல பிட்டுமென்ங்கற தார் மாதிரி எண்ணெய் பத்து லட்சம் சென்டிபாய்ஸ் தாண்டி நிக்குது, அதையே 200 டிகிரிக்குக் கொண்டு போனா பத்து சென்டிபாய்ஸ் பக்கம் வந்துருது. இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் மொத்த ஸ்டீம் வியாபாரமும் ஓடுது.

முதல்ல ஹஃப் அண்ட் பஃப், சைக்ளிக் ஸ்டீம்னும் சொல்லுவாங்க. ஒரே கெணத்துல சில வாரம் ஸ்டீம் ஏத்தறது, சில நாள் மூடி ஊற விடறது, அப்புறம் அதே கெணத்துல இருந்து மாசக்கணக்குல எண்ணெய் எடுக்கறது, சூடு கொறைஞ்சு உற்பத்தி விழுந்ததும் திரும்ப முதல்ல இருந்து. இது திட்டம் போட்டுக் கண்டுபிடிச்சதில்லீங்க. 1959ல வெனிசுலாவுல மெனே கிராண்டேங்கற இடத்துல ஷெல் கம்பெனி ஸ்டீம் ட்ரைவ் (ஒரு கெணத்துல ஸ்டீம் ஏத்தி இன்னொரு கெணத்துல எண்ணெய் எடுக்கறது) சோதனை பண்ணிட்டு இருந்தப்ப ஸ்டீம் தரைக்கு மேல பீறிட்டு வந்துருச்சு, பிரஷரை எறக்கறதுக்காக ஸ்டீம் ஏத்தின கெணத்தையே தெறந்து விட்டாங்க, பாத்தா அதுல இருந்து எண்ணெய் கொட்டுது. இதுல பெரிய வசதி என்னன்னா காசு சீக்கிரம் திரும்பி வரும், ஒரே ஒரு கெணத்துலயே சோதிச்சுப் பாத்துக்கலாம், பக்கத்துக் கெணறோட தொடர்பு இருக்கா இல்லையான்னு கவலை வேண்டாம். ஆனா கெணத்தைச் சுத்தி கொஞ்ச தூரம்தான் சூடேறும், மண்ணுக்குள்ள இருக்கற எண்ணெய்ல பொதுவா பத்து இருபது பர்சென்ட் எடுக்கறதே பெருசு, ஒவ்வொரு சுத்துக்கும் வெளச்சல் கொறைஞ்சுட்டே போகும். கனடாவுல கோல்ட் லேக் வயல் இந்த முறைல பல வருஷமா ஓடுதுன்னா அங்க இருக்கற கெணத்து எண்ணிக்கையும் மண்ணோட கனமும் வேற, அதைக் காட்டி யாராவது உங்ககிட்ட ஸ்கீம் வித்தா கொஞ்சம் யோசிங்க.

ரெண்டாவது ஸ்டீம் ஃப்ளட். நடுவுல ஒரு கெணத்துல ஸ்டீமை விடாம ஏத்திட்டே இருப்பாங்க, சுத்தி நாலு மூலைல இருக்கற கெணத்துல எண்ணெய் எடுப்பாங்க. கலிபோர்னியாவுல கெர்ன் ரிவர் வயல் 1899ல கண்டுபிடிச்சது, ஆனா அதோட நல்ல காலம் 1960கள்ல ஸ்டீம் வந்தப்புறம்தான் ஆரம்பிச்சது. இந்தோனேசியாவுல சுமத்ரா தீவுல துரி வயல் 1985ல இருந்து ஸ்டீம் ஃப்ளட், உலகத்துலயே பெரிய ஃப்ளட்டுகள்ல ஒண்ணு. நல்லா அமைஞ்சா பாதிக்கு மேலயே எண்ணெய் எடுத்துரலாம். ஆனா கவனிங்க, இந்த ரெண்டு வயலும் ஆழம் கம்மி. ஸ்டீம் எண்ணெயை விட லேசு, அதனால அடுக்கோட மேல் பக்கமா ஏறி கூரையை ஒட்டியே ஓடி எண்ணெய் எடுக்கற கெணத்துக்குப் போயிரும், கீழ் பாதி எண்ணெய் சும்மா உக்காந்திருக்கும். முதல் வருஷம் ரெண்டு வருஷம் எண்ணெய் பெருசா வராது, காசு போயிட்டே இருக்கும், அந்தப் பொறுமை மேல இருக்கறவங்களுக்கு இருக்கான்னு முதல்லயே கேட்டுக்கணும்.

மூணாவது சாக்டி (SAGD), ஸ்டீம் உதவியோட எண்ணெயைத் தன் எடையாலயே வடிய விடற முறை. ரோஜர் பட்லர்னு ஒருத்தர் யோசிச்சது, 1987ல அத்தபாஸ்காவுல பூமிக்கடியில சுரங்கம் வெட்டி சோதனை ஆரம்பிச்சாங்க. ரெண்டு படுக்கைக் கெணறு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா, நடுவுல சுமார் 5 மீட்டர் இடைவெளி. மேல கெணத்துல ஸ்டீம், உருகின எண்ணெயும் தண்ணியும் தன் எடையாலயே வழிஞ்சு கீழ் கெணத்துக்கு வரும். படத்துல பாக்கறப்ப இதுதான் அழகா இருக்கும், பிரசன்டேஷன்ல எல்லாரும் இதுக்குத்தான் மயங்குவாங்க. ஆனா அடுக்கு கனமா இருக்கணும், பொதுவா 15 மீட்டருக்கு மேல சுத்தமான மணல் வேணும், நடுவுல களிமண் பட்டை வந்தா ஸ்டீம் மேல ஏறாது. நம்ம 12 மீட்டர் அடுக்குல 5 மீட்டர் இடைவெளியும் அடில கொஞ்சம் ஒதுக்கலும் போச்சுன்னா மேல என்ன மிஞ்சுது? பழைய செங்குத்துக் கெணறு எட்டும் இதுக்கு உற்பத்திக் கெணறா ஒண்ணுத்துக்கும் ஆகாது, எல்லாம் புதுசா டிரில் பண்ணணும். அதனால அவன் மேசைல இருந்த மூணுல சாக்டியை நான் முதல் நாளே எடுத்து ஓரமா வெக்கச் சொல்லிட்டேன்.

நாலாவதா ஒண்ணு இருக்கு, அது ஸ்டீமே இல்ல, காத்தை ஏத்தி எண்ணெய்ல ஒரு பகுதியை உள்ளயே எரிச்சு சூடு பண்றது. நம்ம நாட்டுல குஜராத் மெஹ்சானாவுல பாலோல், சந்தால்ங்கற வயல்கள்ல ஓஎன்ஜிசி இதைத்தான் பண்ணுது. அங்க ஆழம் ஆயிரம் மீட்டர் பக்கம், அடில தண்ணி அழுத்தமும் ஜாஸ்தி. அந்த ஆழத்துக்கு மேல இருந்து ஸ்டீம் அனுப்பினா சாதா டியூபிங்ல (கெணத்துக்குள்ள எறக்கற உள் குழாய்) போறப்பவே சூடு பாறைக்குப் போயி கீழ பாதி சுடுதண்ணிதான் சேரும். ராஜஸ்தான்ல பாகேவாலாவுல ஆயில் இந்தியா ஆழமான கெணத்துலயும் சைக்ளிக் ஸ்டீம் பண்றாங்கதான், ஆனா அந்த மாதிரி ஆழத்துக்குப் போறப்ப ரெண்டு சுவருக்கு நடுவுல வெற்றிடம் வெச்ச இன்சுலேட்டட் டியூபிங் மாதிரி செலவெல்லாம் கணக்குல சேர்த்துக்கணும். 600 மீட்டர்ல அவ்வளவு மோசம் இல்ல, ஆனா ஒண்ணு, ஸ்டீம் ஏத்தற வேகத்தைக் கொறைச்சு மெல்லமா ஏத்தினீங்கன்னா வழில போற சூடு அதேதான் போகும், கீழ போய்ச் சேர்ற பங்கு கொறைஞ்சுரும். மெதுவா ஏத்தினா பாதுகாப்புன்னு நெனைக்கற பசங்களுக்கு இதைச் சொல்லி வெக்கணும்.

இப்ப எரிபொருள் கணக்கு. இந்தத் தொழில்ல எல்லாரும் ஸ்டீம் ஆயில் ரேஷியோன்னு ஒரு நம்பரைப் பிடிச்சுட்டுத் தொங்குவாங்க, ஒரு பேரல் எண்ணெய்க்கு எத்தனை பேரல் தண்ணியை ஸ்டீமாக்கினோம்னு. 3 வந்தா நல்லது. நானே பேப்பர்ல போட்டுப் பாத்தது: ஒரு பேரல் 159 லிட்டர், அப்ப 3க்கு 477 கிலோ தண்ணி, 70 பார் பிரஷர்ல 80 பர்சென்ட் ஆவியா மாத்த பாய்லர் எஃபிஷியன்சி 85 வெச்சாக்கா 1.3 கிகாஜூல் பக்கம் ஆகுது, ஒரு பேரல் எண்ணெய்ல இருக்கற மொத்த சூடே சுமார் 6 கிகாஜூல். அதாவது அஞ்சுல ஒரு பங்கு எரிச்சுத்தான் எடுக்கறோம். ரேஷியோ 8க்குப் போச்சுன்னா பாதிக்கு மேல எரிச்சாச்சு, தண்ணி சுத்திகரிப்பு, பம்பு, ஆள் கூலி எல்லாம் தனி. ஓமன்ல அமல் வயல்ல கண்ணாடிக் கூரைக்குள்ள சூரிய வெயிலை வெச்சு ஸ்டீம் எடுக்கறாங்களே, மிராஹ்னு பேரு, அது பாய்லர்ல எரிக்கற கேஸ் செலவைக் கொறைக்கத்தான். அது எல்லா இடத்துக்கும் சரிப்படாது, ராத்திரி ஸ்டீமுக்கு எப்படியும் பாய்லர் வேணும்.

பாய்லர்னதும் நம்மூர் ஆளுகளுக்கு ஒரு நெனப்பு இருக்கும், 10.54 கிலோ பிரஷர், சாஃப்ட்னர், ப்ளோடவுன், ட்ரம்முக்குள்ள தண்ணி லெவல்னு. எண்ணெய் வயல் பாய்லர்ல பெரும்பாலும் ட்ரம்மே இருக்காதுங்க, ஒரு பக்கம் தண்ணி போயி ஒரே குழாய்ல சுத்தி அந்தப் பக்கம் ஈர ஸ்டீமா வரும். வேணும்னேதான் 75, 80 பர்சென்ட்டோட நிறுத்துவாங்க, மிச்ச இருபது பர்சென்ட் தண்ணி உப்பையெல்லாம் கரைச்சுத் தூக்கிட்டுப் போகணும், முழுசா காய்ச்சினா உப்பு குழாய்லயே படிஞ்சு ட்யூப் வெடிச்சுரும். ஃபீட் வாட்டர், அதாவது பாய்லருக்குள்ள போற தண்ணி விஷயம் மட்டும் நம்மாளுக்கு அத்துப்படி. 2011ல ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுல இருந்து திருப்பூர்க்காரங்க கழிவுத்தண்ணியை ஆர்ஓ, எவாப்பரேட்டர்னு விட்டு திரும்ப எடுத்துப் பழகிட்டாங்க, கனடாவுல எண்ணெயோட வர்ற தண்ணியை பாய்லருக்கே திருப்பி விட அதே மாதிரி எவாப்பரேட்டர்தான் பல எடத்துல ஓடுது. அந்த அனுபவத்தை பயோடேட்டாவுல எழுதுங்கப்பா, சும்மா "ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) ஆபரேட்டர்"னு ஒரே வரில முடிக்காதீங்க.

சரி, இனி என் பார்வைல முக்கியமான பகுதி. எந்த முறைன்னு முடிவு பண்றது பாதி வேலைதான், ஏத்தற ஸ்டீம் எங்க போகுதுன்னு உங்களால பாக்க முடியுமாங்கறதுதான் மிச்ச பாதி. அளக்க முடியாத முறையை எடுக்காதீங்க.

மூணு ஸ்கீம்லயும் மானிட்டரிங்னு ஒரு வரி போட்டு கெணத்துத் தலைல பிரஷர் கேஜும் டெம்பரேச்சர் கேஜும் வெச்சிருந்தாங்க. ரெண்டும் சேந்து ஒரே ஒரு தகவல்தான் சொல்லும். 70 பார்னா 286 டிகிரி, அது 90 பர்சென்ட் ஆவியா இருந்தாலும் 286, பத்து பர்சென்ட் ஆவியும் மிச்சம் சுடுதண்ணியுமா இருந்தாலும் 286 தான். பாய்லர் ஆளு இதைக் கேட்டுச் சிரிப்பான், ஆனா ரிசர்வாயர் பசங்க (மண்ணுக்குள்ள இருக்கற எண்ணெய் அடுக்கைக் கணக்குப் போடறவங்க) எக்செல்ல "80 பர்சென்ட் குவாலிட்டி"ன்னு, அதாவது ஸ்டீம்ல எடைக்கு எத்தனை பங்கு ஆவின்னு, ஒரு நம்பரைப் போட்டு மூணு வருஷம் அதையே இழுத்துட்டுப் போவாங்க. சூட்டுல ஒரு பெரிய பங்கு ஆவில இருக்கற மறைவெப்பத்துல தான் இருக்கு, அதுவும் பிரஷர் ஏற ஏற கொறையும், 10 பார்ல கிலோவுக்கு 2000 கிலோஜூல் மேல இருக்கறது 100 பார்ல 1300 சொச்சத்துக்கு வந்துரும். பிரஷரைக் கூட்டினா நெறைய சூடு போகும்னு நெனைக்கறது பாதி உண்மைதான்.

குவாலிட்டி பாக்க மலிவான வழி குளோரைடு. உப்பு ஆவில போகாது, தண்ணிலயே நிக்கும். பாய்லருக்குள்ள போற தண்ணில குளோரைடு 60 இருந்து, வெளிய வர்ற ஈர ஸ்டீம்ல இருந்து ஒரு சின்ன காயில் கூலர் வெச்சு தண்ணி பாகத்தை மட்டும் பிடிச்சுப் பாத்தா 240 இருந்துச்சுன்னா, தண்ணி நாலுல ஒரு பங்கா சுண்டிருக்கு, அப்ப குவாலிட்டி 75. காயில்ல இருந்து சொட்டறது கை பொறுக்கற சூட்டுக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து பிடிக்கணும், அவசரத்துல பிடிச்சா பாட்டில்லயே கொஞ்சம் ஆவியாகி நம்பர் ஏறிக் காட்டும். ஆனா இதுல ஒரு பொறி இருக்கு, ரொம்பப் பேரு கவனிக்கறதில்ல. ஸ்டீம் லைன் ஒரு டீல (T வடிவ இணைப்புல) ரெண்டா பிரியறப்ப ஒரு கிளைக்கு ஆவி ஜாஸ்தியாவும் இன்னொரு கிளைக்குத் தண்ணி ஜாஸ்தியாவும் போயிரும், ஆனா தண்ணியோட உப்பு ரெண்டு பக்கமும் ஒண்ணேதான். அதனால டீக்கு அப்புறம் குளோரைடு பாத்தா ரெண்டு கெணத்துக்கும் 75ன்னு காட்டும், நெஜத்துல ஒண்ணுக்கு 90ம் இன்னொண்ணுக்கு 50ம் போயிட்டு இருக்கலாம். பாய்லர் வாயில குளோரைடு சரி, கெணத்துத் தலைல ஆவியையும் தண்ணியையும் பிரிக்கற செபரேட்டர் வெச்சுத் தனித்தனியா அளக்கணும், இல்லைன்னா ஒரு பாய்லருக்கு ஒரு நேரத்துல ஒரே கெணறுன்னு வெச்சுக்கணும். ஹஃப் அண்ட் பஃப்ல இந்தக் கடைசி வழி சுலபம், ஃப்ளட்ல பல கெணத்துக்கு ஒரே நேரத்துல பிரிச்சுத்தான் ஆகணும். முறையைத் தேர்ந்தெடுக்கறதுக்கு இதையே ஒரு காரணமா நான் வெப்பேன்.

பூமிக்குள்ள பாக்க தெர்மோகப்பிளா ஃபைபரான்னு அடுத்த கேள்வி. தெர்மோகப்பிள் (சூடு அளக்கற சென்சார்) சரம்னா குறிப்பிட்ட சில ஆழத்துல மட்டும் சூடு சொல்லும், ஆனா சூட்டைத் தாங்கும், ரிப்பேர் கம்மி. ஃபைபர்னா கெணறு நெடுக மீட்டர் மீட்டரா டெம்பரேச்சர் கெடைக்கும், லேசர் ஒளியை அனுப்பி சிதறித் திரும்பி வர்ற ஒளியை வெச்சுக் கணக்குப் போடறது. சாக்டில படுக்கைக் கெணறு ஆயிரம் மீட்டர் வரைக்கும் நீளும், எந்த எடத்துல ஸ்டீம் நேரா கீழ் கெணத்துக்குள்ள பாயுதுன்னு தெரியாட்டி கெணத்துக்குள்ள இருக்கற லைனர் குழாயே ஓட்டையாயிரும், அங்க ஃபைபர் கட்டாயம்னே சொல்லுவேன். 12 மீட்டர் அடுக்குல செங்குத்துக் கெணத்துக்கு நாலஞ்சு தெர்மோகப்பிள் போதும், ஃபைபருக்கு அவ்வளவு காசு போட வேண்டியதில்லை.

அதை விட நல்லது அப்சர்வேஷன் கெணறு. எண்ணெய் எடுக்காம, சும்மா டெம்பரேச்சர் லாக் (ஆழம் ஆழமா சூடு அளக்கற கருவி) எறக்கி எறக்கிப் பாக்கறதுக்குன்னே ஒரு கெணறு. மேனேஜ்மென்ட்டுக்கு இது வயித்தெரிச்சலா இருக்கும், எண்ணெய் தராத கெணத்துக்கு எதுக்கு காசுன்னு. ஆனா ஸ்டீம் மேல் பக்கமா தாண்டுதான்னு இதுதான் நேருக்கு நேரா காட்டும். இங்கதான் அந்தப் பழைய எட்டு கெணறு கணக்குக்கு வருது. சாதா கேசிங்கை (கெணத்துச் சுவரைத் தாங்கற வெளிக் குழாய்) வெச்சு அதுல நேரா ஸ்டீம் விடக்கூடாதுங்க. இரும்பு 250 டிகிரி ஏறினா 600 மீட்டர் பைப் ஒண்ணே முக்கால் மீட்டருக்கு மேல நீளப் பாக்கும், சுத்தி சிமெண்ட் பிடிச்சிருக்கறதால நீள முடியாம உள்ளயே நசுங்கும், கே-55 ரக பைப் 160 டிகிரி சூடேறினாலே அதோட தாங்கும் எல்லைக்கு வந்துரும். அப்புறம் ஆறறப்ப இழுபட்டு பைப்பு சேர்ற கப்ளிங் வாய் விடும். ஹஃப் அண்ட் பஃப்ல இந்த ஏறி எறங்கற வேலை ஒவ்வொரு சுத்துக்கும் நடக்கும், ஃப்ளட்ல ஸ்டீம் ஏத்தற கெணறு எப்பவும் சூடாவே இருக்கறதால கொஞ்சம் தேவலாம். சிமெண்ட்டும் அப்படித்தான், 110 டிகிரிக்கு மேல சாதா சிமெண்ட் வலு விட்டுரும், 35, 40 பர்சென்ட் சிலிக்கா மாவு கலந்திருக்கணும். பழைய கெணத்துல அது கலந்திருக்க வாய்ப்பு கம்மி, சிமெண்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாக்கச் சொன்னேன்.

பக்கத்துப் பழைய கெணறு வெறும் ஓட்டையா நின்னா அதுவே ஸ்டீமுக்கு வழி. 2013ல கனடா பிரிம்ரோஸ்ல பிட்டுமென் தரைக்கு மேல கசிஞ்சதுக்கு, அளவுக்கு மிஞ்சின ஸ்டீமும் கெணத்துத் துளைகள், பிளவுகள் மாதிரி தெறந்த வழிகளும்தான் காரணம்னு அங்க ரெகுலேட்டரே சொல்லிருக்காங்க. 2006 மே மாசம் அதே கனடாவுல ஜோஸ்லின்ல சாக்டி ஸ்டீம் மேல் மூடிப் பாறையை ஒடைச்சுட்டு தரைல பெரிய பள்ளமே பறிச்சுருச்சு. அங்க அடுக்கு ரொம்ப மேலோட்டம், 600 மீட்டர்ல அந்த பயம் கம்மி, ஆனாலும் ஃப்ராக்சர் பிரஷருக்கு (பாறை பிளக்கற பிரஷர்) கீழ ஒரு வரம்பு எழுதி பாய்லர் ரூம் சுவத்துல ஒட்டணும்.

செயற்கைக்கோள் ரேடார்ல தரை எத்தனை சென்டிமீட்டர் எழும்புதுன்னு பாக்கறது, துரில பண்ணின மாதிரி திரும்பத் திரும்ப சீஸ்மிக் (தரைல அதிர்வு அனுப்பி எதிரொலியைப் பிடிக்கறது) எடுத்து ஸ்டீம் பரவறதைப் படம் பிடிக்கறது, இதெல்லாம் பெரிய வயலுக்கு. எட்டு கெணத்துக்கு சீஸ்மிக் கேட்டா சிரிச்சுருவாங்க. அதுக்குப் பதிலா செலவே இல்லாத ஒண்ணைப் பண்ணுங்க, எண்ணெயோட வர்ற தண்ணில வாரா வாரம் குளோரைடு பாருங்க. அடுக்குத் தண்ணி உப்பு, ஸ்டீம் ஆறின தண்ணில உப்பு ரொம்பக் கம்மி, பக்கத்துக் கெணத்துல திடீர்னு உப்பு கொறைய ஆரம்பிச்சா டெம்பரேச்சர் ஏறறதுக்கு முன்னாடியே உங்க ஸ்டீம் அந்தப் பக்கம் போயிட்டு இருக்குன்னு தெரிஞ்சுரும்.

ஆக அவனுக்கு நான் சொன்னது இதுதான். புதுசா ரெண்டு கெணறு, தெர்மல் கேசிங், சிலிக்கா சிமெண்ட், அதுல ஹஃப் அண்ட் பஃப் மூணு சுத்து. பழைய எட்டுல சிமெண்ட் நல்லா இருக்கற ரெண்டை அப்சர்வேஷனுக்கு வெச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கற மோசமானதை முழுசா சிமெண்ட் போட்டு அடைச்சுரணும். ஃப்ளட்டை இப்பவே வேண்டாம்னு சொல்லல, எப்படியும் ஃப்ளட் பண்றதுக்கு முன்னாடி கெணத்தைச் சுத்திச் சூடேத்தி வழி திறக்கணும், அந்த வேலையை ஹஃப் அண்ட் பஃப்பே பண்ணிரும். மூணாவது சுத்துல ரேஷியோ 5க்குக் கீழ நின்னு, பக்கத்துல குளோரைடு கொறைய ஆரம்பிச்சிருந்தா ஃப்ளட்டுக்குக் காசு கேளுங்க. 8 பக்கம் போயிருந்தா அந்த வயலை விட்டுருங்க, கேஸ் சும்மா கெடைச்சாலொழிய.

"சரிங்க மாமா, ஆனா பாஸ் ஃபைபர் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறாரு"ன்னான். நிக்கட்டும். விக்க வர்றவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னேன், 250 டிகிரிக்கு மேல ஹைட்ரஜன் உள்ள புகுந்து ஃபைபர் கறுத்துப் போற பிரச்சனைக்கு உங்க கோட்டிங் என்ன, ஸ்டீம் கெணத்துல எத்தனை வருஷம் ஓடிருக்கு, ரீடிங் நகர்ந்துச்சுன்னா காலிபரேட் பண்ண யார் வருவாங்க, அந்தச் செலவு யாரோடதுன்னு. பதிலை வாயில வாங்க வேண்டாம், கொட்டேஷன்லயே எழுதி வாங்கிக்கோன்னு சொல்லிருக்கேன்.